அண்ணன் கத்தி, தம்பி கத்தி

மத்தியானச் சாப்பாடு முடிந்து கடையில் ஈ ஓட்டுகிற நேரம். கத்திக்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி, வீங்கிய காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலி கிடையாது. விற்கிறவன் உட்கார்ந்தால் வாங்குகிறவன் போய்விடுவான் என்பது முதலாளியின் வேதம்.

மலை, காடு என்று கிளம்புகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை அது. கூடாரத்துக்கு ஒரு ஆள், பூட்ஸுக்கு ஒரு ஆள், கயிறுக்கு ஒரு ஆள். கத்திக்கு இவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "மனுஷன் வித்தாலும் கத்தி, வாயைத் திறந்தாலும் கத்தி" என்று கூடாரக்காரன் கிண்டல் செய்வான். அதில் பொய்யில்லை. ஒரு வாடிக்கையாளர் மாட்டினால் போதும், ஆதியோடந்தமாகக் கத்தி புராணம் பாடித்தான் விடுவார்.

அன்றைக்கு ஒரு இளைஞன் வந்து, முதுகில் ரம்பப் பல் வைத்த முழ நீளக் கத்தி ஒன்றைக் கேட்டான். அதன் கைப்பிடி உள்ளே கூடு. மூடியைத் திருகினால் தீக்குச்சி, தூண்டில் முள், திசைகாட்டி எல்லாம் கொட்டும்.

"சார், கூடு வச்ச கைப்பிடி வேணாம். ரெண்டு விறகு பிளந்தீங்கன்னா பிடி உங்க கையில இருக்கும், கத்தி புதர்ல கிடக்கும். அலகு பிடியோட கடைசி வரைக்கும் ஒரே இரும்பா ஓடணும். நீளமும் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தாப் போதும். மடக்குக் கத்தி பழம் நறுக்க. காட்டுக்கு மடங்காத கத்திதான்."

சொல்லும்போதே அவருக்கே கொட்டாவி வந்தது. ஆயிரம் தடவை சொன்ன பாட்டு. இளைஞன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு அந்த ரம்பக் கத்தியையே வாங்கிக்கொண்டு போனான். போகட்டும். அது பார்க்கப்போகிற பெரிய காடு, வீட்டுக்கு வருகிற பார்சல் அட்டைப்பெட்டிதான்.

இவ்வளவு பேசுகிறாரே, இவர் எந்தக் காட்டைக் கண்டார் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு ராத்திரி கூட அவர் வெளியில் படுத்தது கிடையாது. கொசு கடித்தால் தூக்கம் வராது. கத்தியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், உடைந்து திரும்பி வந்த கத்திகளும் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் திட்டிய திட்டும் சொல்லிக் கொடுத்தது.

"கத்தி ஒண்ணு வேணும்" என்று ஒரு குரல்.

"சொல்லுங்க மேடம், எதுக்கு?" என்றார், துடைக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மேடமா? நல்லாப் பாருங்க."

நிமிர்ந்தார். எதிரே நிற்பது அவர் மனைவி.

அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருஷம் வெந்தவள். போன மாதம் அந்தச் சமையலறையை மூடிவிட்டார்கள். மகன் வெளியூரில், எப்போதாவது ஒரு போன். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள், காட்டில் மரங்களைக் கணக்கெடுக்கிற குழுவுக்குச் சமையல் ஆள் கேட்கிறார்கள், நான் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள். மழைக்காலம் தொடங்கும் வரை கூடார வாசம். அவர் "ம்" என்றார். அன்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டே, புதிதாக வந்த கத்தி உறையில் தையல் சரியில்லை என்று ஏதோ சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆனால் மனசு படுக்கவில்லை. முந்தாநாள் அவள் அக்கா போனில், "அவ பேசுறதைப் பார்த்தா திரும்பி வருவான்னு எனக்குத் தோணலை மாப்பிள்ளை. காடு முடிஞ்சா வேற எங்கயாவது வேலை தேடிக்குவேன்னு சொல்றா" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பார். கத்தியைப் பற்றித்தான் பேச்சு வரும்.

"கூடாரம், பூட்ஸ் எல்லாம் அவங்களே தர்றாங்க. கத்தி மட்டும் அவங்கவங்க கொண்டுவரணுமாம். காலையில பஸ். நல்லதா ஒண்ணு எடுங்க."

கத்திக்காரர் குனிந்து அடித்தட்டைத் திறந்தார். அங்கே இரண்டு கத்திகள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே அச்சு. ஒரே கறுப்புப் பிடி, ஒரே நீளம். கடை ஆட்கள் அவற்றை அண்ணன், தம்பி என்பார்கள். அண்ணனுக்கு இரும்பு நன்றாக வெந்தது. ஒரு மாதம் விறகு சீவினாலும் கூர் அசையாது. தம்பி அவனைப் பார்த்துச் செய்த நகல். மெத்து இரும்பு. வாங்கிய புதிதில் தாளைச் சீவும், நாலு நாளில் தக்காளியிடம் தோற்றுப்போகும். அண்ணனுக்குப் பிடியின் அடியில் மிளகளவு இரும்பு வெளியே தெரியும். தம்பிக்குத் தெரியாது. அடையாளம் அவ்வளவுதான்.

கை அண்ணனைத்தான் முதலில் தொட்டது. அப்போது தலைக்கு மேலே இருந்த பலகை கண்ணில் பட்டது. இங்கே வாங்கிய கத்திக்கு ஆயுள் முழுக்க இலவசமாகச் சாணை பிடித்துத் தரப்படும். அவரே சொல்லி எழுதவைத்த பலகை.

அண்ணனை எடுத்துக்கொண்டு போனால் அவளுக்கு இங்கே என்ன வேலை? தம்பியை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த வாரமே மழுங்கும். மழுங்கினால் கொண்டுவந்துதானே ஆகவேண்டும்? சாணை பிடிக்க நான் இருக்கிறேனே. இப்படியொரு கணக்கு அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஓடியது. கத்தி விற்கிறவன் புத்தி கத்திக்கு மேல் போகவில்லை, என்ன செய்ய.

இரண்டையும் மேலே வைத்தார். "இது நல்லா இருக்கும்" என்று தம்பியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். திருப்பினாள். அடியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கூர் நிக்குமா?"

"நிக்கும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "போச்சுன்னா கொண்டு வா. நான் தீட்டித் தரேன். எப்ப வேணாலும் வா."

அவள் சிரித்தாள். சத்தமில்லாத, அலுத்த சிரிப்பு. "நீங்களா? நம்ம வீட்டுக் கத்தியைத் தீட்டித் தாங்கன்னு எத்தனை வருஷமாக் கேட்டேன்? வெங்காயத்தை நறுக்கலை, நசுக்கிட்டு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னீங்க. ஊர்க் கத்திக்கெல்லாம் சாணை, வீட்டுக் கத்திக்குச் சாக்கு."

வைத்தியர் வீட்டில் நோய் தீராது என்று எல்லார் வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வீட்டில் இருந்து பார்த்தால்தான் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தெரியும்.

"சரி, இதையே கட்டுங்க" என்று தம்பியை நீட்டி, அவர் கட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்குக் கடையில் இருப்பே கொள்ளவில்லை. யார் வந்தாலும் சொல்கிற முதல் பாடமே, "கூரான கத்தி கையை வெட்டாது, மழுங்கினதுதான் வெட்டும்" என்பது. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கைதான். ஒருவன் அப்படி விரலைத் தொலைத்துவிட்டு இதே இடத்தில் வந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி இல்லாத காட்டுக்குப் போகிறவள் கையில் அதைத் தெரிந்தே கொடுத்தாகிவிட்டது. நானும் ஒரு மனுஷனா என்று அவருக்கு இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கடையிலிருந்து ஒரு சாணைக்கல்லை எடுத்துக்கொண்டார். செய்த பாவத்துக்கு அடுப்படிக் கத்தியையாவது இன்றைக்குத் தீட்டிவிடுவோம். போகிற நேரத்தில் தீட்டி என்ன பிரயோஜனம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வரட்டும்.

அவள் இன்னும் வரவில்லை. கூடத்தில் கட்டிவைத்த பை. அடுப்படி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாத்திரம் கவிழ்க்கிற தட்டிலிருந்து கத்தியை எடுத்தார். மரப்பிடி தேய்ந்து அவள் கைக்கே அச்சாகிப்போயிருந்தது. எவ்வளவு மழுங்கியிருக்கிறது பார்ப்போம் என்று, மழுங்கிய கத்தியைப் பார்க்கிற அலட்சியத்தோடு கட்டைவிரலை அழுத்தி இழுத்தார்.

சுருக்கென்றது. ரத்தம் கழுவுதொட்டியில் சொட்டியது.

கத்தியை வெளிச்சத்தில் பிடித்தார். நுனி முதல் அடி வரை ஒரு பிசிறில்லாத கூர். கடை மெஷினில் பிடித்தாலும் இப்படி வராது. இது ஒரு நாளில் வந்ததில்லை, வருஷக்கணக்காக யாரோ பொறுமையாகத் தீட்டித் தீட்டி வந்தது. அந்த யாரோ யாரென்று கேட்க வேண்டியதில்லை. கத்தி இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காது உடைந்த பீங்கான் காப்பிக் கப் ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன் அடிவட்டத்தில், பளபளப்புப் பூசாத சொரசொரப்பில், கறுப்புக் கறுப்பாக இரும்புக் கோடு.

கல் கிடைக்காத காட்டில் கப்பின் அடியில் கத்தி தீட்டலாம். எந்தக் காலத்திலோ சாப்பிடும்போது அவர்தான் சொல்லியிருக்கிறார். அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தினமும் அவள் நறுக்கிப் போட்டதைத்தான் அவர் சாப்பிட்டார். வெங்காயம் எப்போது பொடிப்பொடியாக மாறியது என்று ஒரு நாளாவது கவனித்தாரா? இல்லை. அவளுக்கு அவர் கையால் ஆகவேண்டிய காரியம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நம்பித்தான் அந்தத் தம்பியைக் கொடுத்தார். அதுவும் என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கிறது. கத்திக்காரருக்கு நின்ற இடத்திலேயே அழுகை முட்டியது.

கதவு திறந்தது. உள்ளே வந்தவள் ரத்தத்தைப் பார்த்து, பழந்துணி கிழித்து அவர் விரலைப் பிடித்தாள்.

"நான் உனக்குக் கொடுத்தது மட்டமான கத்தி" என்றார்.

"தெரியும். தம்பி."

"தெரியுமா?"

"அடியில இரும்பு தெரிஞ்சா அண்ணன், தெரியலைன்னா தம்பி. எத்தனை ராத்திரி சொல்லியிருக்கீங்க. நான் என்ன செவிடா?"

"அப்புறம் ஏன் அதையே கட்டச் சொன்ன?"

அவள் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளும் களைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எப்ப வேணாலும் வான்னீங்களே. இத்தனை வருஷத்துல நான் வேலைக்குப் போயிருக்கேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன், அம்மா செத்ததுக்குப் போயிருக்கேன். ஒரு நாளாவது வான்னு சொல்லியிருக்கீங்களா? அதான், அந்தக் கத்தியோட வந்த வார்த்தைக்காக வாங்கிக்கிட்டேன். ஆனா காலையில மாத்திக் குடுங்க. காட்டுல விளையாட முடியாது."

"மாத்திட்டா நீ வர்றதுக்குக் காரணம் இல்லையே."

"அதுக்குக் கத்தி எதுக்குங்க? உங்களுக்கு வாய் இல்லையா?"

வாய் இருந்தது. நாள் முழுக்க ஓடித் தேய்ந்த வாய். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் அது சொல்லிப் பழகியதில்லை. அவள் முடிச்சுப் போடத் தொடங்கினாள்.

"வந்துடு" என்றார் கடைசியில். "நீ இல்லாம என்னால முடியாது."

அவள் முடிச்சை இறுக்கினாள். அவருக்கு வலித்தது. "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

காலையில் முதலாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சாவி வாங்கி, கடையைத் திறந்து, அண்ணனை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். வீங்கிய காலுக்கு அது ஓட்டம், பார்க்கிறவர்களுக்கு நடை. அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உறையோடு கத்தியை நீட்டினார். அவள் அடியைத் திருப்பிப் பார்த்தாள். மிளகளவு இரும்பு இருந்தது. தம்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கல்லும் கொண்டாந்தேன். வச்சுக்க."

"கல்லைக் கொடுங்க. கப்பை நான் எடுக்கலை, தொட்டிக்குப் பக்கத்துல இருக்கு. வீட்டுக் கத்தியை இனி நீங்கதான் தீட்டணும். படுக்க வச்சுத் தீட்டுங்க, நிமிர்த்திட்டீங்கன்னா கூர் போயிடும். நான் வர்றப்ப மழுங்கிக் கிடந்துச்சுன்னா, அப்ப இருக்கு உங்களுக்கு."

"சரி, சரி" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். விரலில் ஈரம் பட விடாதீர்கள் என்று அவள் ஏதோ சொன்னாள். பஸ் கிளம்பி, திருப்பம் கடந்து, புகையும் அடங்கிவிட்டது. அவர் தம்பியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் நடுவில் நின்றார். எப்போதும் போல அவள் சொன்னது பாதிதான் காதில் ஏறியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கல், கப், படுக்க வைத்துத் தீட்ட வேண்டும், பிறகு... பிறகு என்ன சொன்னாள்?

நான் வர்றப்ப.

கத்திக்காரர் பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்கு நேரமாகிவிட்டது. ஆகட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.