பவுடரின் சுத்தப் பக்கம்

வாசல் பலகையில் பென்ரிட் தொழிற்பேட்டை என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தெற்கு வேல்ஸில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க அது பவுடர்தான். ஒருவனுக்குப் பவுடரில் வேலை கிடைக்கும், இன்னொருவன் பவுடருக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பான். பேட்டையின் கால்பந்துக் குழுவுக்கும் அதே பெயர். காலைப் பேருந்து பாலத்தைத் தாண்டியதும் நடத்துநர் எம்லின் குரல் கொடுப்பார்.

"பவுடர் வந்துருச்சு. வெடிக்கப் போறவங்க எல்லாம் எறங்குங்க."

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது. அப்போதும் அதற்குச் சிரிக்க யாராவது ஒருவர் இருந்தார்.

போர்க்காலத்தில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. வரைபடத்தில் அங்கே வெறும் புல்வெளி. பேருந்துகளில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து மட்டும் இருக்கும். உள்ளே போன ஆயிரக்கணக்கான பெண்களும், வேலையைப் பற்றி வெளியில் பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள். என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் "பிஸ்கட் போடுறோம்" என்பார்கள். குண்டுகளுக்கு வெடிமருந்து அடைத்துவிட்டு வருகிறார்கள் என்பது அவர்கள் தலையணை உறையைப் பார்த்தாலே தெரியும். அந்த மருந்தின் மஞ்சள் கறை எத்தனை வெளுத்தாலும் போகாது. முன்முடி செம்பட்டையாகி, உள்ளங்கை மஞ்சளாகிவிடும். பேர் இல்லாத இடத்துக்கு, அந்த வெடிமருந்துப் பொடியைச் சொல்லி, ஊர் தானாக ஒரு பேர் வைத்துக்கொண்டது.

சமாதானம் வந்ததும் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச காலம் ஆடு மேய்ந்தது. பிறகு அரசாங்கம் கட்டடங்களை ஒவ்வொன்றாக வாடகைக்கு விட்டது. ஜிப்பு செய்கிறவர்கள் வந்தார்கள். குழந்தை வண்டி, குடைக்கம்பி, தகரப் பொம்மை என்று ஆள் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று பக்கம் கோட்டை மாதிரி சுவர், நான்காவது பக்கம் அட்டை மாதிரி ஒரு சுவர். வெடித்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்று கட்டியது. பொம்மைக் கம்பெனிக்காரர் குளிர்காலம் முழுக்க அந்த மெல்லிய சுவரைத் திட்டிக்கொண்டிருப்பார். மண்மேட்டுக்குள் இருந்த பழைய மருந்துக் கிடங்கில் ஒருவர் காளான் வளர்த்தார். மேல்காற்று அடித்தால் ரப்பர் வாசனை, கீழ்க்காற்று அடித்தால் டாஃபி வாசனை. எந்தக் காற்றாக இருந்தாலும் மாலை ஐந்தரை மணிக்குச் சைக்கிள் மணிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். இன்று அந்தச் சாலையில் கார் கழுவும் இடமும் கம்பளக் கடையும்தான் இருக்கின்றன. அந்த மணிச் சத்தத்தை நினைக்காமல் என்னால் அதைக் கடக்க முடிவதில்லை.

நான் சொல்ல வந்தது குழந்தைப் பால் கம்பெனி வந்த வருடத்தைப் பற்றி. நான் அப்போது உள்ளூர் வாரப் பத்திரிகையில் நிருபர்.

பேட்டையிலேயே பெரிய கட்டடத்தை அவர்கள் எடுத்தார்கள். போரில் மருந்து அடைத்த அதே கூடம். பூச்சைச் செங்கல்வரை சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளை ஓடு பதித்தார்கள். பால் மாவை டப்பாவில் அடைக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக கெய்ன்வென் பிராசர் சேர்ந்தார். அந்தக் கூடத்தில் அவருக்கு அது இரண்டாவது முறை. போரின்போது அங்கே வேலை பார்த்தவர். சமாதானம் வந்த வாரமே மற்ற பெண்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய கணவர் இட்வால் நிலக்கரித் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு சுரங்கத்திலிருந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். வீடு நடந்தது கெய்ன்வென் சம்பளத்தில். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் பள்ளத்தாக்கில் வேறு வேலை இல்லை.

மேலாளர் ஹாஸ்லம் இங்கிலாந்துப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். முதல் நாளே எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். "மொதல்ல இந்தப் பள்ளத்தாக்குலதான் விப்போம். செய்யிற ஊர்லயே போகலன்னா வேற எங்க போகும்? கோடைக்குள்ள விக்கலன்னா டப்பா அடைக்கிற வேலைய லண்டன் பக்கம் கொண்டுபோயிருவாங்க. அப்பறம் என் கையில எதுவும் இல்ல."

அன்று காலை பேருந்தில் எம்லின் கத்தியதை அவர் கேட்டிருந்தார், வெடிப்பதெல்லாம் வெறும் கேலி என்று நினைத்துக்கொண்டார். பால் பவுடர் செய்யும் இடத்தை ஊரே ஏற்கெனவே பவுடர் என்கிறது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டே வாரத்தில் கடை ஜன்னல்களிலும் பேருந்துகளின் முதுகிலும் சுவரொட்டி வந்துவிட்டது. கொழுகொழு குழந்தை, கையில் கரண்டி, கீழே பெரிய எழுத்தில்: "பவுடரிலிருந்து உங்கள் குழந்தைக்கு."

ஒரு டப்பாகூட விற்கவில்லை. யாரும் எதிர்ப்பும் சொல்லவில்லை. கடைக்காரர்கள் டப்பாக்களை மெதுவாக நாய் பிஸ்கட்டுக்குப் பின்னால் தள்ளினார்கள்.

"கெய்ன்வென், ஊர்ல எதாவது பேசிக்கிறாங்களா?" என்று ஹாஸ்லம் கேட்பார்.

"டப்பா அழகா இருக்குன்னு சொல்றாங்க, மிஸ்டர் ஹாஸ்லம்."

கெய்ன்வெனுக்குக் காரணம் தெரியும். அவருடைய ஒரே மகள் மென்னாவே அந்தப் பாலை வாங்கவில்லை. மென்னாவுக்குக் கைக்குழந்தை, கெதின். அவள் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் வேறு கம்பெனிப் பால் வாங்கி வந்தாள். டப்பா அடைக்கிற அம்மாவுக்கும் அதை வாங்காத மகளுக்கும் நடுவில் அந்தப் பேச்சு ஒருநாளும் எழவில்லை.

மே மாதம் ஹாஸ்லம் பேட்டை கேண்டீனில் தாய்மார்களுக்குத் தேநீர் விருந்து வைத்தார். கேக்கும் உண்டு, ஆளுக்கொரு டப்பா இலவசம். செய்தி எழுத என்னை அனுப்பினார்கள். குழந்தை வண்டிகள் வாசல்வரை நின்றன. கேக் முழுக்கத் தீர்ந்தது. கிளம்பும்போது டப்பாக்கள் மேசைமேலேயே நின்றன. ஒரு பெண் தன் டப்பாமேல் கைத்துண்டைப் போர்த்திவிட்டுப் போனாள்.

ஹாஸ்லம் கடைசியாக எழுந்த மென்னாவை நிறுத்தினார். "உங்கம்மா கையால அடைச்ச டப்பா. நீங்களே விட்டுட்டுப் போறீங்களே?"

மென்னா குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "மிஸ்டர் ஹாஸ்லம், பவுடர்லேருந்து வந்த கொழந்தையே நான்தான். அஞ்சு மாசம் என்னைய வயித்துக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு மாம் இங்க குண்டுக்கு மருந்து அடைச்சாங்க. நான் பொறந்தப்போ கஸ்டர்டு நெறம். பள்ளிக்கூடத்துல என் பேரு மஞ்சக்குருவி. உங்க போஸ்டரப் பாத்தா யாரோ என் போட்டோவ ஒட்டுன மாதிரி இருக்கு."

"ஏண்டி, கேக் திங்கிற எடத்துல இதெல்லாம்..." என்றார் கெய்ன்வென்.

"சொல்லட்டும் விடு," என்றார் கிளாடிஸ். போரிலும் இப்போதும் கெய்ன்வெனுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. "இருவது வருஷமா நாமதான் பிஸ்கட்டே சுட்டுக்கிட்டு இருக்கோம்."

ஹாஸ்லம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு யாருமே சொல்லலையே."

"பேசக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கினாங்க. இப்ப பேசலாம்னு யாரும் வந்து சொல்லலையே," என்றார் கிளாடிஸ்.

மறுநாளே சுவரொட்டிகள் எல்லாம் கிழிக்கப்பட்டன. விற்பனை அசையவில்லை. "காயிதத்தக் கிழிச்சா செவுரு மாறிடுமா?" என்று மென்னா வீட்டில் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கெய்ன்வென் மேலாளர் அறைக்குப் போனார்.

"உள்ள விடுங்க, மிஸ்டர் ஹாஸ்லம். அப்போ புருஷனக்கூட உள்ள விடல. பெத்தவங்களையும் விடல. உள்ள என்ன இருக்குன்னு பாக்காததுனாலதான் இன்னும் அதுவே இருக்குன்னு நெனைக்கிறாங்க."

ஒரு சனிக்கிழமை மதியம் கதவைத் திறந்துவைத்தார்கள். இளம் தாய்மார்களோடு அவர்களுடைய அம்மாக்களும் வந்தார்கள். அந்த அம்மாக்களில் பாதிப்பேர் பழைய பவுடர்காரிகள். இட்வாலும் மூச்சு வாங்க வாங்க வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். "பிஸ்கட் வாசனையே வரலையே," என்றார்.

உடை மாற்றும் அறையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் உண்டு. போர்க்காலத்தில் கட்டியது. தள்ளுவண்டிக்கு இடைஞ்சல் என்று அதை இடிப்பதற்கு ஆள் சொல்லியிருந்தார் ஹாஸ்லம். அந்தச் சனிக்கிழமை அவர் அதன் பக்கத்தில் நின்று, பால் சுத்தத்தைப் பற்றித் தயாராக வைத்திருந்த சிற்றுரையைத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. பழைய பவுடர்காரிகள் வரிசையாகப் போய்ச் சுவர்மேல் உட்கார்ந்தார்கள். செருப்பை இந்தப் பக்கம் கழற்றினார்கள். கொண்டை ஊசிகளை உருவி மடியில் போட்டார்கள். மோதிரத்தை எச்சில் தொட்டுத் திருகினார்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, இடுப்பிலேயே திரும்பி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒருவரும் யோசித்துச் செய்த மாதிரி இல்லை.

"தீப்பெட்டி வெச்சிருக்கவ இப்பவே குடுத்துரு. அப்பறம் ஜெயிலுக்கு வந்து நான் ரொட்டி குடுக்க மாட்டேன்," என்றார் கிளாடிஸ்.

சிரிப்பு அடங்கியதும் ஹாஸ்லம் கேட்டார். "இங்க வேலை செய்யிற நாப்பது பேரும் தினம் இப்படித்தான் தாண்டுறீங்க. ஏன்னு நான் கேக்கவே இல்லையே. ஏன்?"

"இது அழுக்குப் பக்கம், அது சுத்தப் பக்கம்," என்றார் கெய்ன்வென். "ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க வெக்கவே கூடாது. செருப்புல ஒரு மணல் ஒட்டியிருந்து உரசிச்சுன்னா போதும். ஊசி விழுந்தாலும் அப்படித்தான். கூடமே வெடிச்சுப் போயிடும்."

மென்னா சுவருக்கு இந்தப் பக்கமே நின்றாள். அறைச் சுவரில் மாட்டியிருந்த கம்பெனி விதிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் ஊசி கூடாது, மோதிரம் கூடாது, செருப்பு மாத்தணும்னு போட்டிருக்கு. அப்போ என்ன மாம் வித்தியாசம்?"

கெய்ன்வென் அந்த விதிகளை ஒருமுறை பார்த்தார்.

"அப்போ பவுடர்கிட்டேருந்து எங்களக் காப்பாத்த," என்றார். "இப்போ எங்ககிட்டேருந்து பவுடரக் காப்பாத்த."

ஹாஸ்லம் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதன்பின் அந்த உரையை அவர் எடுக்கவில்லை.

மென்னா சுவரில் உட்கார்ந்தாள். குழந்தை கையில் இருந்ததால் காலைத் தூக்க வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கிளாடிஸ் கையை நீட்டினார். "குடு அவன. ஊசி இல்ல, மோதிரம் இல்ல, வாயில பல்லுகூட இல்ல. அவன் தாராளமா வரலாம்."

உள்ளே போனதும் மென்னா கேட்டது ஒன்றுதான். "நான் எங்க இருந்தேன்?"

கெய்ன்வென் அவளை ஒரு ஜன்னலுக்குக் கீழே கூட்டிப்போனார். இப்போது அங்கே டப்பா மூடியை அழுத்தும் இயந்திரம் இருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"இந்த எடத்துலதான் நாலு பேர் உக்காந்திருப்போம். பாட்டு ஓடும். கிளாடிஸ் தப்பாப் பாடுவா, எல்லாரும் அதையே பாடுவோம்."

"சம்பளத்துக்காகத்தான மாம் என்னைய மறைச்சே?"

"உங்கப்பாகிட்ட அப்படித்தான் சொன்னேன்." கெய்ன்வென் இயந்திரத்தின் விளிம்பைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. "எனக்கு இங்க பிடிச்சிருந்துச்சுடி. காலைல கிளம்பி வர்றது, என் கையில என் காசு, இவளுங்க எல்லாம். வயித்துல நீ இருக்கேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு இருந்துட்டேன். நீ மஞ்சளா வந்தப்போ... கஷ்டத்துக்காகப் போனேன்னா நீ மன்னிச்சிருப்ப. பிடிச்சுப் போனேன்னு எப்படிச் சொல்றது?"

மென்னா அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மண்மேடும் அதன்மேல் புல்லும் தெரிந்தன.

"இப்பவும் பிடிச்சிருக்கா?"

"ம்."

"டப்பாவக் குடு."

கெய்ன்வென் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மென்னா கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற பெண்களும் பேச்சை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்தார்கள்.

"வெள்ளையாத்தான் இருக்கு," என்றாள். நக்கிப் பார்த்தாள். "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

பிறகு அதே விரலைக் கெதினுக்குக் கொடுத்தாள். அவன் அதை விடவில்லை.

அன்று வந்தவர்களுக்காக மேசைமேல் வைத்திருந்ததில் ஒரு டப்பாகூட மிஞ்சவில்லை. கோடை முடியும்போது லண்டனிலிருந்து ஹாஸ்லமுக்குத் தொலைபேசி வந்தது. டப்பா அடைக்கும் பிரிவு பென்ரிட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். குட்டைச் சுவரை இடிக்க வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். தள்ளுவண்டிக்கு வேறு வாசல் வெட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை அதே பேருந்தில் நானும் இருந்தேன். கெய்ன்வெனுக்குப் பக்கத்தில் மென்னா கெதினை மடியில் வைத்திருந்தாள். கூடைக்குள் பால் டப்பாவின் மூடி தெரிந்தது. எம்லின் அதைப் பார்த்துவிட்டார். பாலத்தைத் தாண்டியதும் வழக்கமான குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பவுடர் வந்துருச்சு. வெடிக்கிறவங்க முன்னால எறங்குங்க, குடிக்கிறவங்க பின்னால."

பேருந்து முழுக்கச் சிரித்தது. கெய்ன்வென் மட்டும் அதைக் கவனிக்கவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.