ஸ்டேஷன் வாசலில் உடைய வேண்டிய சைக்கிள்

வெள்ளிப்பாளையத்தில் சைக்கிள் பிரேம் எந்த இடத்தில் உடைகிறதோ, அந்த இடத்தில்தான் ஓட்டியவருக்கு அன்று முதல் உத்தியோகம். மீன் கடை முன்னால் உடைந்தால் மீன் வெட்டப் போக வேண்டும். கோர்ட்டு வாசலில் உடைந்தால் டவாலி மாட்டிக்கொண்டு சேவகனாக நிற்க வேண்டும். தினமும் வேலைக்குப் போகிற பாதையை விட்டு விலகக் கூடாது, உடையும்போது ஆள் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். கேரியரில் யாராவது இருந்தால் அவருக்கும் இதேதான். இருபத்தைந்து வருஷம் முழுசாகத் தாங்கிவிட்ட பிரேமுக்கு நகராட்சி மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிடும். ஓட்டியவர் கடைசிவரை பழைய வேலையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

துளசிமணி நூல் மில்லில் கோன் சுற்றுகிறவள். அவள் சைக்கிளுக்கு இருபத்து நாலு வருஷமும் பத்து மாசமும் ஆகியிருந்தது. வீட்டிலிருந்து மில்லுக்கு ஏழு கிலோமீட்டர். மழையும் வேர்வையும் எண்ணெயும் குடித்துக் குடித்து அந்தக் கறுப்பு பிரேம் அவளையே போல ஆகிவிட்டிருந்தது. போகிற வழியில் ரயில்வே ஸ்டேஷன். அதன் மாடியில், வண்டி வருவதை மைக்கில் சொல்கிற ரூம். பூட்டிக் கிடக்கும் அதன் ஜன்னலை ஒரு நாள் விடாமல் அண்ணாந்து பார்ப்பாள். மில் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவளுக்கு வாய்த்திருந்த குரல் இருக்கிறதே, அடேயப்பா! அதை அந்த மைக்கில் ஒரே ஒரு தடவையாவது விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

அந்த வேலை நாலு வருஷமாகக் காலி. ஸ்டேஷன் ரோட்டை வழவழவென்று போட்டுவிட்டதால் அங்கே ஒரு சைக்கிள்கூட உடையவில்லை. வண்டிகள் யாரிடமும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போயின. ஈரோட்டுக்குக் கிளம்பினவர்கள் பாலக்காட்டில் இறங்கி, சரி, வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம் கட்டிக்கொண்டார்கள்.

ஆவணி மாசம் ஒரு திங்கட்கிழமை, சைக்கிள் 'கிரீச்' என்றது. துளசிமணி நேரே சைக்கிள் கடை ஆறுச்சாமியிடம் போனாள். அவன் ஸ்பேனரால் பிரேமை நாலு இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"அக்கா, பெடலுக்கு மேல பாருங்க. பெயிண்ட்டுல முடியாட்டம் ஒரு கோடு ஓடுது. உள்ளார துரு தின்னு போட்டுதுங்க. பதனோரு நாளு தாங்கும். அதுக்கு மேல தாங்காதுங்க."

"நெசமாவா தம்பி? இன்னொருக்காச் சொல்லு!"

அவன் இன்னொரு தடவை சொன்னான். அவளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. சீட்டைத் தடவித் தடவிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பறந்தாள்.

வீட்டில் நாச்சிமுத்து வேலையில் இருந்தார். அவள் வீட்டுக்காரர். அவருடைய பிரேம் ஒன்பது வருஷத்துக்கு முன் சொந்த வீட்டு வாசலிலேயே, ஏறி மிதித்த முதல் மிதியில் உடைந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் இருப்பதுதான் அவர் உத்தியோகம். மனுஷன் ஒரு நாள் லேட் கிடையாது. காலை ஒன்பதுக்குத் தேய்த்த சட்டையோடு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் வீட்டில் இருப்பார். மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து சாப்பிடுவார். ஐந்தரைக்கு மேல்தான் அவர் துளசிமணிக்குப் புருஷன். அதனால் அவள் ஐந்தரை வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள்.

ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நாலு வருஷம் கழித்து வண்டி வருவதைச் சொல்ல ஓர் ஆள்! சும்மா இருப்பார்களா? வழியில் எங்கேயாவது உடைந்து தொலைத்துவிடப் போகிறதே என்று பதறினார்கள். மீன் கடைக்காரர்கள் தங்கள் வாசல் குழியை அடைத்தார்கள். கோர்ட்டுக்காரர்கள் வேகத்தடையைச் சுரண்டி எடுத்தார்கள். சுடுகாட்டு முக்கில் இருந்த பெரிய பள்ளத்தை நகராட்சியே ஒரே நாளில் மூடியது. இருபது வருஷமாக மனுக் கொடுத்தும் மூடாத பள்ளம் அது.

பதினோராம் நாள் ஸ்டேஷன் வாசலில் மேளம், மாலை, கூட்டம். துளசிமணி வந்தாள். வாசலுக்கு நேரே வந்ததும் சைக்கிள் 'கிரீச்' என்றது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. சைக்கிள் தாண்டிப் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே மில்லுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பன்னிரண்டாம் நாளும் உடையவில்லை. ஒரு மாசமாகியும் உடையவில்லை. ஆறுச்சாமி மறுபடி தட்டிப் பார்த்தான்.

"வழியெல்லாம் மொழுகி வெச்ச மாதிரி பண்ணிப்போட்டாங்களே அக்கா. குலுங்காத வண்டி எப்படிங்க உடையும்? இப்படியே போனா இன்னும் ரெண்டு வருசம் வருமுங்க."

மூடின குழிகளை மறுபடி தோண்டலாமா என்று நகராட்சி யோசித்தது. குழி மூடும் ஆள் இருந்தார். அவர் பிரேம் குழி மூடும் ஆபீஸ் முன்னால் உடைந்திருந்தது. தோண்டும் ஆளாக இன்னும் யாரும் உடைந்து வரவில்லை. கேரியரில் ஏறிப் பாரம் கூட்டவும் ஒருவரும் முன்வரவில்லை. ஏறுகிறவர் வேலையும் அல்லவா போய்விடும்!

ஐப்பசி மாசம் ஒரு வியாழக்கிழமை வந்தது. மறுநாளோடு இருபத்தைந்து வருஷம் முடிகிறது. துளசிமணி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அழுதாள்.

"ஒரே ஒரு வண்டியாச்சும் நான் கூப்புட்டுச் சொல்லோணுமுங்க. இல்லாட்டி இந்தத் தொண்டைய வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

நாச்சிமுத்து மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

காலையில் அவள் சைக்கிளை வெளியே எடுத்தபோது அவர் தேய்த்த சட்டையும் டிபன் பாக்ஸுமாக வந்து ஒரு தாளை நீட்டினார். அரை நாள் விடுப்பு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில், 'எழுபத்தெட்டுக் கிலோ' என்று எழுதியிருந்தார்.

"ஏனுங்க, உங்க வேலை போயிருமுங்க!"

"ஒம்போது வருசமா வீட்டுலயேதான் இருந்தாச்சு புள்ள. கையெழுத்தப் போட்டுட்டு ஏறு."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் கேரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். பிரேம் முனகிய முனகல் தெருக்கோடி வரை கேட்டது. ஜனங்கள் பல் துலக்கிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். மீன் கடை முன்னால் 'கிரீச்... கிரீச்...' "தாங்கு சாமி, தாங்கு!" என்று துளசிமணி ஹேண்டில்பாரைக் கெஞ்சினாள். மீன்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோர்ட்டு தாண்டியது. சுடுகாட்டு முக்கில் நாச்சிமுத்து மூச்சை அடக்கித் தன்னை லேசாக்கிக்கொண்டார். ஸ்டேஷன் தெரிந்ததும், "இப்ப விடுங்க!" என்று அவள் கத்தினாள். அவர் மூச்சை விட்டார். வாசலுக்கு நேர் எதிரே 'டப்' என்று பிரேம் இரண்டாக உடைந்தது.

கும்மாளம்! முன் சக்கரமும் சீட்டும் துளசிமணியோடு வாசலிலேயே நின்றன. பின் சக்கரமும் கேரியரும் நாச்சிமுத்துவோடு நிற்காமல் உருண்டு, கேட்டுக்குள் நுழைந்து, பிளாட்பாரத்தில் நின்றிருந்த எட்டேகால் பாசஞ்சரின் திறந்த கதவு வழியாக உள்ளே போய் நின்றன. ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு இடத்தையும் பார்த்தார். துளசிமணியிடம் மாடி ரூம் சாவியைக் கொடுத்தார். நாச்சிமுத்துவிடம் ஜன்னல் ஓர சீட்டைக் காட்டினார்.

அவள் படிகளை இரண்டிரண்டாக ஏறி, மைக்கின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"எட்டேகால் பாசஞ்சர் முதலாவது நடைமேடையிலிருந்து புறப்படுகிறது! ஈரோடு போகிறவர்கள் மட்டும் ஏறவும்! நாச்சிமுத்து அவர்கள் இதில் உத்தியோகத்துக்குப் போகிறார்!"

அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாம். தப்பான வண்டியில் உட்கார்ந்திருந்த பதினேழு பேர் இறங்கிச் சரியான வண்டிக்கு மாறிக்கொண்டார்கள். நாச்சிமுத்து ஜன்னலில் கையாட்டினார். வண்டியில் இருப்பதுதான் அவர் வேலை. ஒன்பது வருஷ அனுபவம் இருந்ததால் உடனே பிடிபட்டுவிட்டது.

சாயங்காலம் ஆறு பத்துக்கு வண்டி திரும்பி வந்தது. அதையும் அவளே சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அவர் டிபன் பாக்ஸை அவளும், அவள் பையை அவருமாக மாற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

வாசலில் ஒரு சிவப்பு சைக்கிள் இரண்டாக உடைந்து கிடந்தது. முன்னறை நாற்காலியில், தேய்த்த சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"காலைல ஒம்போது மணிக்கு உடைஞ்சுதுங்க. அஞ்சரைக்கே நேரம் முடிஞ்சுது, கதவுல தொங்குன சாவியக் குடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். காப்பி போடலாம்னு பார்த்தா, சக்கரைதான் எங்க இருக்குதுன்னு தெரியலீங்க."

"மேல் தட்டுல, நீல டப்பாவுல இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.