பதின்மூன்றாவது கை

வேலாயுதத்தின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சட்டைப்பையில் கிடக்கும் லோரிச் சாவியை எடுக்கும், விரலில் மாட்டிச் சுழற்றும், திரும்பப் பைக்குள் போடும். இவ்வளவு துறுதுறுத்த கை தூக்க வேண்டிய நேரத்தில் மட்டும் கல்லாய்க் கனத்தது. போன ஞாயிறும் அது மேலே எழவில்லை. இந்த ஞாயிறும் எழவில்லை.

மலேசியாவின் கிள்ளானில், ரயில் பாதையை ஒட்டிய கம்பம் என்கிற குடியிருப்பில் மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. அதன் பின்னால் அரை ஏக்கர் நிலம் புல் மண்டிக் கிடந்தது. அதில் கல்யாண மண்டபம் கட்டுவதா, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நான்கு வகுப்பறை கட்டிக்கொள்ள விடுவதா என்பதுதான் பிரச்சினை. கோயில் செயலவையில் பதின்மூன்று பேர். மண்டபத்துக்கு ஆறு கை தூக்கியாயிற்று, பள்ளிக்கும் ஆறு கை தூக்கியாயிற்று. மிச்சம் இருந்தது வேலாயுதத்தின் கை.

மண்டபம் கேட்டவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கம்பத்துப் பெண்களின் கல்யாணமெல்லாம் டவுனில் வாடகை மண்டபத்தில்தான் நடந்தது. ஐயர் குறித்த தேதியில் மண்டபம் கிடைக்காது, மண்டபம் கிடைத்த தேதிக்கு ஐயர் முகூர்த்தம் கண்டுபிடிப்பார். மறுபக்கம், தலைமையாசிரியை குணபூசணி போன வாரக் கூட்டத்துக்கு வந்து தன் யாழ்ப்பாணத் தமிழில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"எங்களிட்டச் சுவர் இல்லை. ஒரு அலுமாரிதான் இருக்கு."

அந்த அலமாரியை வேலாயுதத்துக்குத் தெரியும். ஒரே அறையில் மூன்றாம் வகுப்பு ஒரு பக்கம், நான்காம் வகுப்பு மறுபக்கம், நடுவில் அலமாரி. அவன் மகள் புஷ்பவல்லி மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பு வாய்ப்பாடு அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், அவள் பாடம்தான் தெரியாது. அந்தப் பக்கத்துச் சத்தம் அவ்வளவு.

பிறகென்ன, தூக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கோயில் தலைவர் இராமலிங்கத்துக்கு நான்கு லோரி. அதில் ஒன்றை ஓட்டுகிறவன் வேலாயுதம். மண்டபம் என்பது இராமலிங்கத்தின் பத்து வருஷக் கனவு. வேலாயுதத்தைச் செயலவையில் போட்டவரும் அவர்தான், போட்டவருக்குத் தெரியும் எதற்குப் போட்டார் என்று. அதுவோ எண்பத்தாறாம் வருஷம், ஊரெங்கும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி வீரம்மா தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்விட்டு வந்த மறுவாரமே, அவள் வேலை பார்த்த எலக்ட்ரானிக் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது வீட்டில் ஒரு சம்பளம்தான், அதுவும் அந்தச் சாவியில் தொங்கியது.

"வேலாயுதம், என்னதான் லா சொல்ற?" என்றார் செயலாளர் தம்புசாமி. பன்னிரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் உள்ளங்கை வேர்த்துச் சாவி வழுக்கியது. வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னான்.

"அம்மா சன்னதியில பூ போட்டுப் பார்த்திடுவோமே."

அப்பாடா என்று பன்னிரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னதியில் வைத்துக் குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொன்னால் அம்மனே சொல்லிவிட்டுப் போகிறாள். வெள்ளை வந்தால் பள்ளி, சிவப்பு வந்தால் மண்டபம். மாலைப் பூசையில் பார்ப்பது என்று முடிவானது. பொட்டலத்தை யார் கட்டுவது? எந்தப் பக்கமும் சாயாத ஆள் வேலாயுதம்தான், அவனே கட்டட்டும் என்றார்கள். மதில்மேல் பூனைக்கு இப்படி ஒரு மரியாதை.

தப்பித்தோம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனின் தோளில் இராமலிங்கத்தின் கை விழுந்தது.

"நல்ல யோசனை சொன்ன. ரெண்டுலயும் சிவப்பே வச்சுக் கட்டிடு."

"பாஸ்..."

"எடுக்காத பொட்டலத்த யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா? மரத்தடியில போட்டுருவாங்க. நாளைக்குக் காலையில ஈப்போவுக்கு லோடு இருக்கு, மறந்துடாத."

அவர் அதைச் சொன்னது ஈப்போ லோடு நினைவு வந்ததால் இல்லை. அது வேலாயுதத்துக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தான். சோறு இறங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனான், வாசலில் நிற்க முடியாமல் உள்ளே வந்தான். மறுபடி வாசல். குழாயைத் திறந்து கழுவின காலையே கழுவினான். ஒரு ரயில் வீட்டை உலுக்கிக்கொண்டு போனது. நாலாவது தடவை அவன் வாசலுக்குக் கிளம்பியபோது, துணி மடித்துக்கொண்டிருந்த வீரம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

"என்னங்க, கால்ல கட்டெறும்பா?"

அவன் சொன்னான், சிவப்புப் பூ உட்பட. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். வேலையை விட்டுவிடாதீர்கள் என்று அழுவாள் என்றும் எதிர்பார்த்தான். எதைச் செய்திருந்தாலும் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், முடிவை அவள் மேல் போட்டுவிடலாம். அவள் அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை.

"மண்டபத்துக்குத் தூக்கினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினா எப்படியாவது சமாளிப்போம். ஆனா எதுக்காவது ஒண்ணுக்குத் தூக்குங்க. ரெண்டு வாரமா உங்க கையப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் வலிக்குது."

உள் அறையில் புஷ்பவல்லி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே எட்டாம் வாய்ப்பாடு முணுமுணுத்தாள். அது அவள் வகுப்புப் பாடமே இல்லை. வேலாயுதத்துக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை.

ஐந்தரை மணிக்குக் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். முன்னால் நந்தியாவட்டை ஒரு கை, செம்பருத்தி ஒரு கை, வாழை இலைத் துண்டு, நார். முதலில் இரண்டிலும் சிவப்பு வைத்துக் கட்டினான். ஈப்போ லோடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, மனசு கொஞ்சம் அடங்கியது. உடனே அந்த அலமாரி வந்து நின்றது. பிரித்தான். நியாயமாக ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்துக் கட்டினான். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்ததும் விரல் போட்ட முடிச்சையே தேடிப் போனது. அப்போதுதான் தனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரிந்தது. மறுபடி பிரித்தான். இரண்டிலும் வெள்ளையை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டான். அம்மன் சொன்னாள் என்று ஆகிவிடும், பாஸ் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் அவர் குட்டும் வெளிப்படும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்தான்.

சன்னதியில் கூட்டம் நெருக்கியது. பெண்கள் பக்கத்தில் வீரம்மாவும் புஷ்பவல்லியும் நின்றார்கள். பின்வரிசையில் குணபூசணி டீச்சர். முன்வரிசையில் இராமலிங்கம், முகத்தில் ஏற்கெனவே மண்டபம் எழும்பியிருந்தது. பொட்டலங்களைத் தட்டில் வாங்கி அம்மன் காலடியில் வைத்த பூசாரி பக்கிரிசாமி, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வேலாயுதத்தை நோக்கி வந்தார்.

"கட்டினவன் கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. பொட்டலத்துல கள்ளம் இல்லைன்னு சொல்லு."

இந்தக் கோயிலில் அது வழக்கம். கடைசியாகப் பூப் போட்டுப் பார்த்து ஏழெட்டு வருஷமாகியிருந்ததால் வேலாயுதம் அதை அடியோடு மறந்திருந்தான். இராமலிங்கத்துக்கு ஒருவேளை ஞாபகம் இருந்திருக்கலாம். ஆனால் சத்தியம் பண்ணப்போவது அவர் கை இல்லையே.

சுடர் ஆடியது. வேலாயுதம் கையைக் கொண்டுபோனான், இழுத்துக்கொண்டான். திரும்பக் கொண்டுபோனான். சூடு உள்ளங்கையில் உறைத்தது. லோரி ஓட்டுகிறவன் சின்னச் சின்னப் பொய் ஆயிரம் சொல்லியிருக்கிறான், போலீஸ்காரனிடம் கூடச் சொல்லியிருக்கிறான். இது முடியவில்லை.

"கள்ளம் இருக்கு சாமி," என்றான்.

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டார். வேலாயுதம் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முடிச்சைப் பிரித்தான். வெள்ளை. இன்னொன்றையும் பிரித்தான். அதுவும் வெள்ளை.

இராமலிங்கம் துள்ளி முன்னால் வந்தார். "யாருடா உன்னை வெள்ளை கட்டச் சொன்னது?"

"வெள்ளை கட்டச் சொல்லி யாரும் சொல்லல பாஸ்," என்றான் வேலாயுதம்.

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு ஒவ்வொரு தலையாக இராமலிங்கம் பக்கம் திரும்பியது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலாயுதம் பூசாரி பக்கம் திரும்பினான். "அம்மாவ ஒண்ணும் கேக்க வேணாம் சாமி. கேட்டது நம்மள. பதில் சொல்லப் பயந்துகிட்டு அம்மா தலையில கட்டப் பார்த்தேன். தப்புதான், மன்னிச்சிருங்க. என் ஓட்டு பள்ளிக்கூடத்துக்கு."

சொல்லிவிட்டு வலக்கையைத் தூக்கினான். உள்ளங்கையில் கற்பூரக் கரி ஒட்டியிருந்தது.

தம்புசாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். "பள்ளிக்கு ஏழு. மண்டபத்துக்கு ஆறு." பின்வரிசையில் குணபூசணி டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பவல்லி, அப்பா எதற்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். வீரம்மா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எழுதியாச்சே, கைய இறக்கு லா," என்றார் தம்புசாமி.

வேலாயுதம் இறக்கவில்லை. இராமலிங்கம் அவனெதிரே வந்து நின்றார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"சாவி."

இடக்கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்று வேலாயுதத்துக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அவருக்கு எதையும் அவன் இடக்கையால் கொடுத்ததில்லை. இடக்கையைப் பைக்குள் விட்டுச் சாவியை எடுத்து நீட்டினான். வலக்கை மேலேயே இருந்தது.