கண்ணுச்சாமிக்குக் காதுகுத்து

யுவராணி எங்கோ கடல் நடுவில் இருக்கும் ஒரு தீவில் டாக்டருக்குப் படித்தாள். கடைசி நான்கு வாரப் பயிற்சியை எந்த ஊரில் வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று கல்லூரி சொன்னதும், அம்மா கைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சுந்தரபாண்டியன் டாக்டரின் ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். ராஜபாளையத்தில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

அமெரிக்காவில் மேற்பயிற்சிக்கான நேர்காணல்கள் அதே நான்கு வாரத்தில் வந்து விழும் என்று அவள் யோசிக்கவில்லை. டாக்டரிடமோ லீவு என்பது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். சொல்லாமல் ஒரு வேளை மட்டம் போட்டாலும் சர்ட்டிபிகேட் கிடையாது.

முதல் நேர்காணலுக்கு உண்மையைச் சொல்லித்தான் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல பேசுறதுக்கு எதுக்கும்மா லீவு? கட்டுக் கட்டுற ரூம்ல உக்காந்து பேசு."

உட்கார்ந்தாள். நெருக்கடியிலும் நிதானம் இழக்காத தன் குணத்தைப் பற்றி அவள் விளக்கிக்கொண்டிருக்கையில், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த பெரியவர் ஒருவர் மூத்திரப் பையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்து நின்று, திரையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த இடம் அத்தோடு போயிற்று.

மிச்சம் ஒன்றே ஒன்று. புதன்கிழமை மாலை ஆறரை. அங்கே காலை எட்டு மணி. அதுவும் போனால் ஒரு வருஷம் போச்சு.

"சார், புதன்கிழமை சாயங்காலம் லீவு வேணும். அண்ணன் மகனுக்குக் காதுகுத்து."

யுவராணிக்கு அண்ணனே கிடையாது.

"அப்படியா! நல்ல காரியம். போயிட்டு வா."

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் விசேஷத்தைச் சொல்லிவிட்டு 'வாங்க' என்று சொல்லாமல் திரும்புவது அந்தப் பக்கத்தில் மனுசர் செய்கிற காரியமில்லை. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு தன்பாட்டுக்குச் சொன்னது: "நீங்களும் கண்டிப்பா வரணும் சார்." பக்கத்தில் நர்ஸ் காளீஸ்வரி நின்றாள். "நீங்களும்தான்க்கா."

கூப்பிட்டால் வராமல் இருப்பதும் அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

புதன்கிழமை, வீட்டில் துணித்திரை போட்ட உள்ளறையில் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். வாசலில் வேன் வந்து நின்றது. டாக்டர், காளீஸ்வரி, இன்னும் நாலு பேர், பால்கோவா, ஒரு ஜோடி குட்டித் தோடு, ஒரு குட்டி மூன்று சக்கர சைக்கிள்.

"பிள்ளை எங்க?" என்றார் டாக்டர்.

"எந்தப் பிள்ளை?" என்றார் கண்ணுச்சாமி. யுவராணியின் அப்பா, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"காதுகுத்துன்னு பாப்பா சொல்லுச்சே?"

கண்ணுச்சாமி உள்ளே பார்த்தார். திரை இடுக்கில், அமெரிக்காவுக்குத் தெரியாமல் மேசைக்கு அடியில் மகளின் இரண்டு கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. எல்லையில் நின்ற மனிதர், சட்டென்று முடிவெடுத்தார்.

"எனக்குத்தான் சார்."

"உங்களுக்கா!"

"சின்னதுல ரெண்டு தடவ தள்ளிப்போச்சு. பொறவு பட்டாளத்துக்குப் போயிட்டேன்." இது மட்டும் உண்மை.

"அண்ணன் மகனுக்குன்னுல்லா சொல்லுச்சு?" என்றாள் காளீஸ்வரி.

"பெத்த அப்பனுக்குன்னு சொல்ல வெக்கப்பட்டிருக்கும்மா."

"தாய்மாமன் மடி வேணுமே?" என்றார் டாக்டர்.

டிவி பார்க்க வந்திருந்த சோணைமுத்து எழுந்தார். வயது எழுபத்தாறு. "தாய்மாமன் நான் இருக்கேன். ஆனா ஏலே, நீ தொண்ணூறு கிலோ இருப்பியேடா!"

"காது குத்துற ஆசாரி?" என்று கேட்டார் டாக்டர்.

"வந்துக்கிட்டே இருக்காரு சார்."

"அவரு எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்? யுவராணி, ஸ்பிரிட் எடுத்துட்டு வாம்மா!" என்று டாக்டர் திரையை விலக்கினார்.

கம்ப்யூட்டரில் மூன்று முகங்கள். நடுவில் கண்ணாடி போட்ட அம்மாள், "யார் இவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யுவராணி இரண்டு பக்கமும் பார்த்தாள். இனிமேல் பொய் சொல்ல வீட்டில் ஆளில்லை.

"என் ஆசிரியர். இந்த நேர்காணலுக்காக அவரிடம் பொய் சொல்லி லீவு வாங்கினேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தமிழில், "இதுதான் சார் காதுகுத்து."

டாக்டர், தொண்டையைப் பார்ப்பவர் போலக் கம்ப்யூட்டர் திரையருகே குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தப் பெண்ணுக்குக் கை நடுங்காது. வாய்தான் பொய் சொல்லும்."

"சர்ட்டிபிகேட் சார்?" என்றாள் அவள்.

"அது கையைப் பாத்துக் குடுக்குறது. வாய்க்கு ஞாயித்துக்கிழமை டியூட்டி." பையிலிருந்து ஊசியை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே குத்து. அவியளும் பாக்கட்டும்."

கம்ப்யூட்டரை வெளியே தூக்கி வந்து சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார்கள். கண்ணுச்சாமி மாமன் மடியில் அமர்ந்ததும் நாற்காலி முனகியது.

"எம்மா, சீக்கிரம்! என் தொடை மரத்துப்போச்சு," என்றார் சோணைமுத்து.

யுவராணி மையால் புள்ளி வைத்தாள், மருந்து தடவினாள், குத்தினாள். கை நடுங்கவில்லை. எல்லையில் நின்ற மனிதர்தான் "யாத்தே!" என்று கத்தினார். பெரிய மீசைக்குப் பக்கத்தில், ஒரு வயதுக் குழந்தைக்கென்று வாங்கி வந்த சிவப்புக்கல் தோடு மினுங்கியது.

நேர்காணலுக்குக் கொடுத்த அரை மணி நேரம் முடிந்திருந்தது. "மன்னிக்கணும், நேரமாயிற்று," என்றாள் யுவராணி திரையைப் பார்த்து.

கண்ணாடி அம்மாள் யாரிடமோ திரும்பி, அடுத்த ஆளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு காது இருக்கிறதே," என்றார்.