பூட்டியவரின் சாவி

கடைசி நாற்காலியை மடக்கும்போது அவள் விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. வலி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

"கொஞ்சம் பாத்து வேலை செஞ்சிருக்கக் கூடாதா இவன்?" என்றாள் நாத்தனார், மறுபடியும். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் என்ன பேச? அவள் தான் மடக்கிய நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினாள்.

அவள் கணவனோடு ஆலையில் வேலை பார்த்த ஒல்லி மட்டும் இன்னும் போகவில்லை. கதவோரம் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, கேக்கவே வாய் வரல. அண்ணனோட சாவி..."

"எந்தச் சாவி?"

தெரிந்தேதான் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரிலிருந்து எடுத்து, கயிற்றோடு தன் கழுத்தில் போட்டிருந்தாள். ரவிக்கைக்குள் கிடந்தது.

"கலவை மெஷினுக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி, சுவிட்சுல அவங்கவங்க பூட்டைப் போடுவோம். பூட்டு தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். போட்டவங்கதான் திறக்கணும். அண்ணன் பூட்டு இன்னும் தொங்குது."

நாத்தனார் திரும்பினாள். "பூட்டிட்டுத்தான் இறங்கினானா?"

"பூட்டாம என்னிக்கு இறங்கினாரு? மெஷின் ஓடவே இல்லக்கா. மேல சங்கிலி அறுந்து, தூக்கின மூட்டை அப்படியே அவரு மேல விழுந்துருச்சு. பூட்டை வெட்டச் சொன்னாரு மேனேஜர். நாங்க விடல."

"பொண்டாட்டிய மறந்தாலும் மறப்பான், சாவிய மறக்கமாட்டான்." நாத்தனாருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் உடைந்தது.

சாவியைத் தொட்டுப்பார்த்தவளுக்கு எங்கேயாவது படுத்துவிடவேண்டும் போலிருந்தது. பூட்டு தொங்கும்வரை உள்ளே ஆள் இருக்கிறது. தொங்கட்டுமே. ஆனால் இன்றில்லாவிட்டால் நாளை வேறு யாரோ வெட்டுவார்கள்.

"நானே வர்றேன்."

ஆலையில் மெஷினைக் கழுவி வைத்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒல்லி அவள் பக்கம் குனிந்தான்.

"திறக்கறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப்பாத்து ஒரு குரல் குடுக்கணும் அண்ணி. யாராவது இருக்காங்களான்னு. அதான் எங்க வழக்கம். நான் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்."

படியேறி இரும்பு விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். ஈர வாடை அடித்தது. கூப்பிட அவளிடம் ஒரே சொல்தான் இருந்தது.

"ஏங்க."

அது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கீழே இறங்கி, சுவிட்சில் தொங்கிய பூட்டின் முன் நின்று கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தாள். சாவி வெதுவெதுப்பாக இருந்தது.