டொரோண்டோவிலிருந்து இருபது மணி நேரம்

2010-இல், புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் கணவர் ஜோசப்ராஜ் இறந்தார். டொரோண்டோவில் வேலை பார்த்த எங்கள் ஒரே மகன் பிரபு மதியம் போனில் அழுதுகொண்டே சொன்னான்: செவ்வாய் சாயந்திரம் ஆறு மணிக்கு விமானம், நடுவில் ஓரிடத்தில் மாறி, சென்னைக்கு மொத்தம் இருபது மணி நேரம்.

நான் எண்ணினேன். புதன் மதியம் இரண்டு மணிக்குச் சென்னை. அங்கிருந்து கடலூருக்குக் காரில் நான்கு மணி நேரம். ஆறு மணிக்கு அப்பா முகத்தைப் பார்த்துவிடுவான். பங்குச் சாமியார் புதன் மாலை ஆறரைக்கு அடக்கப் பூசை வைத்தார். பெரிய வியாழன் தொடங்கிவிட்டால் ஞாயிறு வரை அடக்கப் பூசை கிடையாது, வெறும் செபம்தான். முப்பது வருஷம் ஊரார் அடக்கப் பூசைக்கெல்லாம் ஆர்மோனியம் வாசித்தவர் என் கணவர். எனக்கும் பூசை வைக்காமல் விட்டுவிடாதே என்று படுக்கையில் கேட்டிருந்தார்.

நான் சிதம்பரத்தில் இருபத்தெட்டு வருஷம் புவியியல் டீச்சர். என் கணக்கை யாரும் சரிபார்க்கவில்லை. செவ்வாய் ஆறு மணிக்கு மேல் பிரபு வானத்தில் இருப்பான் என்று யாரும் போன் செய்யவில்லை. அப்போது அவனுக்குக் காலை எட்டரை. அறையில்தான் இருந்திருக்கிறான்.

புதன் நாலு மணிக்கு, பிரபுவை அழைத்துவரப் போன கார் டிரைவர் விமான நிலையத்திலிருந்து பேசினார். அந்த விமானம் இரவு பதினொன்றரைக்குத்தான் என்று பலகையில் போட்டிருக்கிறதாம். தீர்க்கரேகை ஒரு பாகை தள்ளினால் நேரம் நாலு நிமிஷம் மாறும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். டொரோண்டோவுக்கும் நமக்கும் உள்ள ஒன்பதரை மணி நேரத்தை விட்டுவிட்டிருந்தேன்.

பூசையா, பிள்ளையா என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கச் சொன்னேன்.

வியாழன் விடியும்போது வந்த பிரபு நேராகக் கல்லறைக்குப் போனான். திரும்பி வந்து, நேரத்தைக் கணக்குப் போட்டது யார் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் என் கொழுந்தன் அந்தோணிசாமி முந்திக்கொண்டார்.

"நாந்தாம்பா. தப்பா எண்ணிட்டேன்."

"ஒரு நாள் ஐஸ் பெட்டியில வெச்சிருக்கக் கூடாதா சித்தப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேசாமல் இருந்தேன். பிறகு தனியாகக் கேட்டபோது சொன்னார்: "நான் எட்டாவது பெயிலு அண்ணி. நான் தப்பா எண்ணுனா எவனும் ஆச்சரியப்பட மாட்டான். நீங்க டீச்சரு. ஒங்களுக்கு அவன் ஒருத்தன்தான இருக்கான்."

இரண்டு வருஷமாகப் பிரபு அவரோடு பேசவில்லை. இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து அவர் மகள் பெலிசியாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அனுப்பியதற்கு, வரமாட்டேன் என்று என்னிடம் சொன்னான். அந்தோணிசாமி சிரித்துக்கொண்டே, லீவு கிடைக்காதுதான் என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

இன்று காலை ஏழரை மணி. அங்கே முந்தின இரவு பத்து. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன்.

"பிரபு, அன்னைக்கி அந்தக் கணக்கப் போட்டது ஒங்க சித்தப்பா இல்லடா. நான்."

 

"இத்தினி நாளா சொல்லணும்னு தோணலையாம்மா?"

தோன்றியது என்றேன். போனை வைத்துவிட்டான்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அவன் வருவதற்கு இருபது மணி நேரம் போதும்.