சரணம் வராத பாட்டு

கனவில் எனக்குப் பாட்டு வருகிறது என்று சொன்னபோது பத்மநாபன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். எதையும் லேசில் நம்பமாட்டார். நானும் விடவில்லை. அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பல்லவியைப் பாடிக் காட்டினேன். பாதியிலேயே முகம் மாறிவிட்டது மனிதருக்கு. 'கனவில் கிடைத்த கீர்த்தனை: சந்தானம்' என்று என் பெயரைப் போட்டு தீபாவளி நிகழ்ச்சியில் சேர்த்து, பக்கத்து ஊர் சான் ஹோசே வரைக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார்.

நான் வித்வான் இல்லை. கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு சிப் கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்ட் எஞ்சினியர். சின்ன வயதில் வயலின் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒரே மாதத்தில் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்டவனுக்கு விடியற்காலைத் தூக்கத்தில் யாரோ பாடுவது கேட்டது. முகம் தெரியாது, வார்த்தையும் கிடையாது, மெட்டு மட்டும்தான். விழித்ததும் பல்கூடத் தேய்க்காமல், யாரோ வீட்டு கராஜ் சேலில் மலிவாக வாங்கிய பழைய கீபோர்டில் தட்டித் தட்டி ஸ்வரம் கண்டுபிடிப்பேன். வார்த்தைகளை நான் போட்டேன். முருகன் மேல்தான், வேறு யார் மேல் எழுதுவது? பல்லவி வந்தது, அனுபல்லவியும் வந்தது. சனி, ஞாயிறு மட்டும் ஒன்றும் வராது. கனவுக்கும் வீக்கெண்ட் உண்டு என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

சரணம் பாக்கி இருந்தபோது கனவு நின்றுவிட்டது.

எண்பத்தைந்தாம் வருடம் அது. சிப் வியாபாரம் படுத்துக் கிடந்தது. என் மனைவி ஷ்யாமளா வேறொரு கம்பெனியில் காலை ஷிஃப்ட். அந்தக் கம்பெனியை ஒரு வாரம் இழுத்து மூடியிருந்தார்கள். மற்ற நாட்களில் நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். நான் எழுந்திருக்கும்போது கிளம்பிப் போயிருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரிதான் குடும்பம் நடத்தினோம். அந்த வாரம் அவள் பக்கத்திலேயே நன்றாகத் தூங்கினாள். நானோ தயிர் சாதத்தை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் படுத்தேன், பகலிலும் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வந்ததே தவிர பாட்டு வரவில்லை. விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு பாட்டு, என் பெயரில் ஒரே ஒரு பாட்டு, அதையும் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று யாரென்று தெரியாத யார் மேலோ கோபம் வந்தது.

திங்கட்கிழமை அவளுடைய கம்பெனி திறந்தது. கவலையில் எனக்கு முன்னதாகவே விழிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அப்போது அனுபல்லவி கேட்டது. அப்பாடா, தூங்கிவிட்டோம் என்று நினைத்தேன். கூடவே அலுமினியத் தாள் கிழிபடும் சத்தமும் கேட்டது. கண்ணைத் திறந்தேன். பாட்டு நிற்கவில்லை. தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று புரியாமல் காலைக் கீழே வைத்தேன். கார்ப்பெட் ஜில்லென்று இருந்தது.

சமையலறையில் ஷ்யாமளா சப்பாத்தியைத் தாளில் சுற்றிக்கொண்டே முனகிக்கொண்டிருந்தாள். அனுபல்லவி முடிந்து, குரல் மேலே ஏறியது. சரணம்! வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அவ்வளவு சமர்த்துப் போதாது.

"நிறுத்தாத. அப்படியே பாடு."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நான் எங்க பாடினேன்?"

நான் பல்லவியைப் பாடிக் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்து, அடுத்தவர் வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டாள். நன்றாக இருக்கிறது, யார் போட்டது என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன் மயிலாப்பூரில் முறையாகப் பாட்டுக் கற்றவள். இங்கே வந்த புதிதில் பாடியபோது பக்கத்து அபார்ட்மென்ட்காரர் சுவரைத் தட்டினார், அதோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டதாகத்தான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. வெட்கம் பிறகுதான் வந்தது. பத்மநாபனிடம் இது உன் பாட்டு என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். எனக்குத் தெரியவே தெரியாத பாட்டு எப்படி என்னுடையதாகும் என்று கேட்டாள். அவள் மெட்டு, என் தூக்கம், முருகனுக்கு வார்த்தை. இதில் யார் பெயரைப் போடுவது?

மறுநாளிலிருந்து சமையலறையில் சத்தமே இல்லை. முனகுகிறோம் என்று தெரிந்துவிட்டதல்லவா, உதட்டை இறுக்கிக்கொண்டு வேலை செய்தாள். வலிய முயன்றால் பழைய வர்ணம்தான் வந்தது. சரணம் போனால் போகட்டும், அவள் வாய் மூடிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் விடியற்காலை, நான் தூங்குவதாக அவள் நம்பட்டும் என்று போர்வைக்குள் பலமாகக் குறட்டை விட்டேன்.

காலடி கதவருகே வந்து நின்றது.

"நடிக்காதீங்க. தூங்கினா உங்களுக்குக் குறட்டையே வராது."

கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் என்னதான் பாடறேன்? எனக்கும் கேக்கணும் போல இருக்கு. முதல்லேர்ந்து பாடுங்க."

எழுந்து உட்கார்ந்து, என் ஓட்டைக் குரலில் பாடினேன். அனுபல்லவி முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அடுத்த அடியை மற்றவர் எடுக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.